ஆயாவின் மஞ்சப்பையில் ஏழு அட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி தாண்டினால் யாராவது ஒருவர் கையில் பையோடு எங்கள் வீட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மஞ்சப்பை, துணிக்கடைப் பை, பால் கவர், ஒருமுறை ஒரு பெரியவர் பழைய பிஸ்கட் டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்குள்ளும் மாத்திரை அட்டைகள்தான். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், "அதெல்லாம் தெரியும்மா, மருந்து படிச்ச பொண்ணுதானே நீ, பாத்து சொல்லு" என்பார்கள். பார்ப்பேன். அட்டைகளைத் தரையில் பரப்பி, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை மட்டும் படித்து நோட்டில் எழுதுவேன். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டையாக ஒரே பையில் கிடப்பது இங்கே அவ்வளவு சகஜம்.

இருபது வருஷத்துக்கு மேலாக இதய மருந்துகளோடுதான் என் பிழைப்பு. இதயத்துக்குக் கொடுக்கும் மருந்துகள், அப்புறம் வேறு எதற்கோ கொடுக்கப்போய் இதயத்தில் கை வைக்கும் மருந்துகள். இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் என் பாட்டியை, எங்கள் ஆயாவை, விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய், கூடை நிறைய சங்கராவும் கானாங்கத்தையும் எடுத்துவந்து, வெயில் ஏறுவதற்குள் விற்று முடித்து வருவார். நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பி.ஃபார்ம். சேர்ந்தபோது வீட்டில் எல்லோரும் நான் மெடிக்கல் ஷாப் வைக்கப்போகிறேன் என்றே நினைத்தார்கள். அப்புறம் எம்.ஃபார்ம்., அதில் மருந்தியல். அங்கேதான் முதல் தடவையாக உடம்புக்கு வெளியே துடிக்கும் ஒரு இதயத்தைப் பார்த்தேன்.

அதை லாங்கென்டார்ஃப் முறை என்பார்கள். ஆஸ்கர் லாங்கென்டார்ஃப் என்ற ஜெர்மானியர் 1895ல் செய்துகாட்டியது, இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். மயக்கம் கொடுத்த கினிப்பன்றியின் இதயத்தை எடுத்து, பெருந்தமனியில் ஒரு குழாயைச் செருகி நூலால் கட்டித் தொங்கவிட வேண்டும். 37 டிகிரி சூட்டில், ஆக்சிஜன் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும் உப்புக் கரைசல் மேலே இருந்து இறங்கும். கட்டுகிற அந்த ஒரு நிமிஷத்தில் கை நடுங்கினால் தசை வெளிறிப்போய்விடும், ஒரு உயிரை வீணாக்கியதாகிவிடும். சரியாகக் கட்டிவிட்டால் ஒரு நொடி ஒன்றும் இருக்காது, பிறகு மேல் அறையில் ஒரு சின்ன உதறல், அடுத்தது கீழே, அப்புறம் கடகடவென்று துடிக்க ஆரம்பித்து மணிக்கணக்கில் நிற்காது. பெருவிரல் நுனி அளவுதான் இருக்கும். எலி இதயத்தில் ஏன் இதைச் செய்யக் கூடாது என்று கேட்டேன். எலிக்கு மின்னூட்டம் வடியும் வழி வேறு, மனுஷ இதயத்தில் எந்த வழி அடைபடும் என்பது எலியில் தெரியாது என்றார் எங்கள் ஆசிரியர். அந்த 'வடியும் வழி'தான் பிறகு என் முழு வேலையாகிப் போனது.

அதை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தண்ணீர் உள்ளே வருவது ஒரு வேகம், வடிந்து போவது இன்னொரு வேகம். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு துடிப்புக்கும் இதேதான் நடக்கிறது. சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்ந்து துடிப்பு உண்டாகிறது, பொட்டாசியம் வெளியே வடிந்தால்தான் செல் பழைய நிலைக்கு வந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகும். வடிகால் ஒன்றல்ல, இரண்டு மூன்று உண்டு. முக்கியமான ஒன்றின் பெயர் ஹெர்க். (பழ ஈக்களுக்கு ஈதர் கொடுத்தால் ஒரு வகை ஈ காலை உதறி ஆடியது, அந்த ஆட்டத்தை வைத்து அந்த மரபணுவுக்குப் பெயர் வைத்தார்கள், அதன் உறவுக்கார மரபணு மனிதரிடம் கிடைத்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.) இந்த ஹெர்க் வாய்க்காலுக்கு உள்ளே இடம் கொஞ்சம் அகலம். அதனால் கண்ட மருந்தும் போய் உட்கார்ந்துகொள்ளும்: அலர்ஜி மாத்திரை, வாந்தி மாத்திரை, ஆன்டிபயாடிக், மனநல மருந்து. பிளாஸ்டிக் கவர் போய் வடிகாலை அடைப்பது மாதிரி.

அடைத்தால் இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்ற இடைவெளி, அதாவது கீழறைகள் துடிக்கத் தொடங்கி மறுபடி பழைய நிலைக்கு வரும் வரை ஆகும் நேரம், நீளும். நீளுவதால் மட்டும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நீண்ட இடைவெளிக்குள் ஒரு துடிப்பு தப்பாக விழுந்துவிட்டால், இ.சி.ஜி. கோடு வலைக் கயிறு முறுக்கிக்கொண்டது மாதிரி சுழல ஆரம்பிக்கும். 1966ல் ஃபிரான்சுவா டெஸர்டென் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதற்கு டோர்சாட் டி பாயிண்ட் என்று பெயர் வைத்தார். சில நொடியில் தானாக நின்றுவிட்டால் மயக்கத்தோடு போகும். நிற்காவிட்டால் ஆள் போய்விடுவார்.

எம்.ஃபார்ம். முடித்து நான் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் என் வேலை, புதிதாகச் செய்த மூலக்கூறு ஒவ்வொன்றும் இந்த வாய்க்காலை அடைக்கிறதா என்று பார்ப்பது. பேட்ச் கிளாம்ப், ஒரு செல்லின் வாய்க்கால்கள் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளப்பது. எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1991ல் நோபல் வாங்கிய முறை. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தால் முனை ஒரு மைக்ரான் அளவுக்குக் கூர்மையாகும். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே அதை ஒரு செல்லின் மேல் மெல்ல இறக்க வேண்டும். குழாயின் மறுமுனையில் ஒரு ரப்பர் டியூப், அதை வாயில் வைத்து லேசாக உறிஞ்ச வேண்டும். செல்லின் தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் அந்த நொடியில் திரையில் இரைச்சலாக ஆடிக்கொண்டிருந்த கோடு சட்டென்று படுத்துவிடும். முதல் நாலு மாசம் எனக்கு அது படுக்கவே இல்லை. ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு, எல்லோரும் கிளம்பிய பிறகு, டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்து உறிஞ்சினேன், கோடு படுத்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஆயாவுக்கு போன் போட்டேன். "சாப்டியா கண்ணு" என்றார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த வருஷங்களில் ஒரு மூலக்கூறை மறக்கவே முடியாது. ரத்த அழுத்தத்துக்கானது, விலங்குகளில் அருமையாக வேலை செய்தது, வேதியியல் பிரிவில் ஒரு அண்ணன் இரண்டு வருஷம் அதையே கட்டிக்கொண்டு அழுதிருந்தார். நான் ஹெர்க்கில் போட்டுப் பார்த்தேன். மருந்து வேலை செய்யத் தேவையான அளவுக்கும் வாய்க்காலை அடைக்கும் அளவுக்கும் குறைந்தது 30 மடங்கு இடைவெளி இருக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் கணக்கு. இதில் ஐந்து மடங்குகூட இல்லை. மூன்று தடவை திருப்பிச் செய்தேன், புதுக் கரைசல், புது செல்கள், அதே பதில். அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அந்தப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா, ஆளுக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே" என்றார். அந்த மூலக்கூறு அங்கேயே நின்றது.

ஆனால் எல்லா அடைப்பும் ஆபத்து இல்லை, இதைப் புரிந்துகொள்ள எனக்கு வருஷங்கள் ஆயின. வெராபமில் என்ற பழைய மருந்து ஹெர்க்கை நன்றாகவே அடைக்கிறது, ஆனால் அதனால் டோர்சாட் வருவது அபூர்வம். ஏனென்றால் அது கால்சியம் உள்ளே வருவதையும் சேர்த்துக் குறைக்கிறது. வடிகால் அடைத்திருக்கிறது, ஆனால் மழையும் குறைந்துவிட்டது, சுரங்கப்பாதை நிரம்பவில்லை. ஒரு வாய்க்காலை மட்டும் பார்த்து நல்ல மருந்துகளைத் தூக்கிப் போடுகிறோமோ என்ற கவலையில்தான் 2013க்குப் பிறகு சிபா என்ற முயற்சியில் பல வாய்க்கால்களைச் சேர்த்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது சரியான பாதை என்றே நினைக்கிறேன். அதற்கு முன்பே, 2005ல், புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்கும்போது க்யூ.டி.யை எப்படி அளக்க வேண்டும் என்று உலக அளவில் விதி வந்துவிட்டது. அதில் பேசுவது 10 மில்லிசெகண்டைப் பற்றி. இ.சி.ஜி. தாளில் ஒரு சின்னக் கட்டத்தில் கால்வாசி! அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துத்தான் இன்று ஒரு மருந்து வெளியே வருகிறது.

சரி, இவ்வளவு பார்த்தும் எங்கே தப்பு நடக்கிறது?

எங்களுக்கு டெர்ஃபினடின் கதையைப் பாடமாகச் சொல்வார்கள். தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை என்று உலகமெல்லாம் ஓடிய மருந்து. 1990ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ இதழில் ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வந்தது. 39 வயதுப் பெண், டெர்ஃபினடின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கூடவே பூஞ்சைக்காக கீட்டோகோனசோல் சாப்பிட்டிருக்கிறார், மயங்கி மயங்கி விழுந்திருக்கிறார், பார்த்தால் டோர்சாட். டெர்ஃபினடினைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி முதல் சுற்றிலேயே ஃபெக்ஸோஃபெனடின் என்ற சாதுவான பொருளாக மாற்றிவிடும், இதயத்துக்கு மூல மருந்து போய்ச் சேருவதே இல்லை. கீட்டோகோனசோல் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிட்டது, மாறாத டெர்ஃபினடின் இதயத்துக்குப் போய் ஹெர்க்கை அடைத்தது. அவ்வளவுதான். 1998ல் அங்கே அந்த மருந்து சந்தையை விட்டுப் போனது, நம் நாட்டில் தடை வந்தது 2003ல். வயிற்றுக்குக் கொடுத்த சிசாப்ரைடும் இதே வழியில் 2000ல் அங்கே போனது, இங்கே 2011 வரை இருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

இதையெல்லாம் பரீட்சையில் எழுதி, மாணவர்களுக்கு நானே வகுப்பும் எடுத்தேன். எடுத்தும் என் ஆயா வீட்டில் இருந்த பையை ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

2012, ஆடி மாசம். ஆயா மீன் வெட்டிக்கொண்டே இருந்தவர் பலகை மேலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்கார அக்கா தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார், எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, வெயிலு" என்று சொல்லிவிட்டு அந்த மீனை வெட்டி முடித்துக் கொடுத்திருக்கிறார். ராத்திரி வீட்டில் மறுபடி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். வயசு, வெயில், சுகர், எல்லாம் சேர்ந்து மயக்கம் என்று சொல்லி அந்தத் தாளைச் சீட்டோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார்கள். நான் வராண்டாவில் டியூப்லைட் வெளிச்சத்தில் கட்டங்களை எண்ணினேன். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே 25 சின்னக் கட்டம், அதாவது சரியாக ஒரு செகண்ட், துடிப்பின் வேகத்துக்கு ஏற்ப க்யூ.டி.யைத் திருத்தும் கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை. க்யூ தொடங்கும் இடத்திலிருந்து டி முடியும் இடம் வரை 13 கட்டம். ஒரு கட்டம் 40 மில்லிசெகண்ட். 520. பெண்களுக்கு 460 தாண்டினாலே யோசிப்போம், 500 தாண்டினால் உட்காரக் கூடாது, எழுந்து ஓட வேண்டும். எழுந்து ஓடினேன்.

பணியில் இருந்த டாக்டர் இளைஞர், நல்ல மனுஷர், தாளை வாங்கி அவரும் எண்ணினார், உடனே மானிட்டர் போட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். பொட்டாசியம் 2.9. இருக்க வேண்டியது 3.5க்கு மேல்.

"மாத்திரை என்னென்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் தம்பி ஆயா வீட்டுக்கு ஓடி மஞ்சப்பையை எடுத்துவந்தான். கட்டில் விளிம்பில் கொட்டினோம். ஏழு அட்டை. சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. பிரஷருக்கு ஆம்லோடிபின். கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு, தண்ணி மாத்திரை. உள்ளங்கால் எரிச்சலுக்கு ராத்திரியில் போட அமிட்ரிப்டிலின். இந்த ஐந்தும் பழசு, மூன்று வெவ்வேறு இடங்களில் எழுதிக் கொடுத்தவை. அப்புறம் ஒரு வாரமாக இருமல் என்று எங்கேயோ காட்டியதில் கிளாரித்ரோமைசின். அது வயிற்றைப் புரட்டுகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டாம்பெரிடோன்.

தண்ணி மாத்திரை பொட்டாசியத்தை இறக்கிவிட்டது, ரத்தத்தில் அது குறைந்தாலே ஹெர்க் வடிகால் மந்தமாகிவிடும். கிளாரித்ரோமைசின் தானும் ஹெர்க்கை அடைக்கும், டாம்பெரிடோனும் அடைக்கும், அதோடு டாம்பெரிடோனைச் சிதைக்க வேண்டிய அதே நொதியைக் கிளாரித்ரோமைசின் கட்டிப்போடும். அமிட்ரிப்டிலின் தன் பங்குக்கு. டெர்ஃபினடின் பாடம் அப்படியே அந்தக் கட்டில் மேல் கிடந்தது. ஒவ்வொரு மாத்திரையும் தனியாக எடுத்துப் பார்த்தால் எழுதியவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, வழக்கமாகக் கொடுக்கிற அளவுதான். ஏழையும் ஒன்றாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்த்திருக்க வேண்டியது நான். நான்கு தெரு தள்ளி, வாரம் தவறாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான்.

மூன்று மருந்தை நிறுத்தினார்கள், பொட்டாசியமும் மெக்னீசியமும் ஏற்றினார்கள். விடிகிற வரை நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா கண்ணு, அந்தக் கோட்டயே பாத்துகினு கீற" என்றார் ஆயா. அது உன் நெஞ்சு ஆயா என்றேன். கொஞ்ச நேரம் அவரும் பார்த்தார். "ஓடுதில்ல?" என்றார். மூன்றாம் நாள் எடுத்ததில் 11 கட்டம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார், அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் பேட்ச் கிளாம்ப் மேஜையை விட்டுவிட்டு மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புக்கு மாறினேன். கூட வேலை செய்தவர்கள் வருத்தப்பட்டார்கள், நல்ல கை போகிறதே என்று. எனக்கு அந்த வேலை இன்னும் பிடிக்கும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டில் ஒரு மருந்துதான் போடுவோம். மனிதர்களிடம் நடத்தும் சோதனையிலும் ஆயா மாதிரி ஆளை, எழுபது வயசு, சுகர், தண்ணி மாத்திரை, பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். எண்ணிக்கையும் போதாது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு தீங்கை ஒரு தடவையாவது கிட்டத்தட்ட நிச்சயமாகக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சுமார் முப்பதாயிரம் பேருக்கு மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும், பெரும்பாலான மருந்துகள் கடைக்கு வருவதற்கு முன் அத்தனை பேரைப் பார்ப்பதில்லை. ஆகவே மிச்சச் சோதனை தெருவில்தான் நடக்கிறது, நம்மை வைத்து. அதில் தெரிவதை யாராவது எழுதி அனுப்ப வேண்டும்.

அதற்கு 2010ல் தொடங்கிய தேசியத் திட்டம் இருக்கிறது, காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நர்ஸ் எழுதலாம், மருந்தாளுநர் எழுதலாம், சாப்பிட்டவரே சொல்லலாம். 1800 180 3024, கட்டணம் கிடையாது. நோயாளியின் பெயர் தேவையில்லை, முதலெழுத்து போதும். எந்த மருந்து, எப்போது ஆரம்பித்தது, கூட என்னென்ன, நிறுத்தியதும் சரியானதா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம், நிறுத்தியதும் அடங்கினால் சந்தேகம் வலுக்கும். ஒரு படிவம் வந்தால் அதில் 'கூடச் சாப்பிட்ட மருந்துகள்' என்ற பகுதியை முதலில் பார்ப்பேன். காலியாக இருந்தால் போன் போட்டுக் கேட்பேன். ஒரு நர்ஸ் தங்கை என்னிடம் சலித்துக்கொண்டார், "மேடம், எல்லாத்தையும் எழுத எங்கே நேரம்?" நேரம் இல்லை என்பது உண்மைதான், அரசு ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். எழுதினார்.

2020ல் ராயபுரம் மண்டலத்தில் தொற்று ஏறிக்கொண்டே போனபோது போன் ஓயவே இல்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் அசித்ரோமைசினும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன், எப்போது போடணும் என்று கேட்டார்கள், காய்ச்சல்கூட இல்லாதவர்கள். இரண்டுமே க்யூ.டி.யை நீட்டக் கூடியவை. உங்களுக்கு பிரஷருக்குத் தண்ணி மாத்திரை உண்டா, வயிற்றுப்போக்கு இருக்கிறதா, முன்னால் மயங்கி விழுந்ததுண்டா, வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீரென்று இறந்தார்களா என்று ஒவ்வொருவரிடமும் இதே நான்கைக் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டியது. அந்த வேலைக்காக எனக்குச் சம்பளம் இல்லை, ஆனால் இத்தனை வருஷம் படித்ததெல்லாம் அந்த இரண்டு மாசத்துக்காகத்தான் என்று அப்போது தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பை பார்ப்பது அதில் ஆரம்பித்ததுதான். எதையும் நிறுத்து என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டேன். திடீரென்று நிறுத்தினால் கேடு செய்யும் மாத்திரைகளும் அந்தப் பையில் உண்டு. நான் செய்வது, எல்லா மருந்தையும் ஒரே தாளில் எழுதி, சந்தேகப்படும் இரண்டுக்குக் கீழே கோடு போட்டு, "இவை இரண்டும் சேர்ந்திருக்கின்றன, ஒருமுறை இ.சி.ஜி.யும் பொட்டாசியமும் பார்க்க முடியுமா" என்று டாக்டருக்கு மரியாதையாக ஒரு குறிப்பு. சில டாக்டர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். நிறையப் பேர் நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அது எங்கள் தெருவுக்குப் பெரிய உபகாரம், தினக்கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கொண்டுவந்து கொடுக்கும் அக்காவிடம், கொடுக்கும்போது பையில் வேறு என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்று வாரம் முன்பு படகில் இன்ஜின் பார்க்கும் ஒரு அண்ணன் வந்தார். படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல் (கீட்டோகோனசோலின் உறவுக்கார மருந்து), நெஞ்செரிச்சலுக்கு டாம்பெரிடோன் கலந்த கேப்ஸ்யூல். போன மாசம் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். "வெயிலும்மா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. தாளில் எழுதி, கோடு போட்டு, அன்றைக்கே போகச் சொன்னேன். டாக்டர் கேப்ஸ்யூலை மாற்றிவிட்டார். போன ஞாயிறு புதுசாக எடுத்த இ.சி.ஜி.யைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், டாக்டர் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், இருந்தாலும் நானும் எண்ண வேண்டுமாம். படியில் உட்கார்ந்து எண்ணினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவரும் கூடவே வாய்க்குள் எண்ணினார்.

பத்தரை.

அடுத்த ஞாயிறு அவருடைய அக்காவின் பையை எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்காவுக்குக் கால் வீக்கமாம், தண்ணி மாத்திரை உண்டாம்.